உள்ளே உட்கார்ந்திருக்கும் பிரசங்கியார்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, வேதத்தை வாசிப்பது ஒரு வேலை, வாசித்த வசனத்தோடு உட்கார்ந்திருப்பது வேறு வேலை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களுக்குப் போதும் போலிருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), வீட்டுக்காரர் ஆர்.சி. (கத்தோலிக்கர்). செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடி வேத தியானம் செய்கிறோம். இறையியல் பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டீச்சர், எங்கள் சபையில் ஒரு வருஷத்துக்குள் வேதத்தை முழுக்க வாசித்து முடிப்பவர்களுக்குப் பரிசு உண்டு. நான் பல வருஷமாக வாங்கி வருகிறேன். தினமும் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. ஆனால் 'காலையில் என்ன வாசித்தாய்' என்று மத்தியானம் யாராவது கேட்டால் முழிக்கிறேன். என் நாத்தனார் ஒரு தியான முகாமுக்குப் போய்விட்டு வந்து, 'நாலு வசனம் போதும், அதையே திரும்பத் திரும்ப வாசி' என்கிறாள். சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்குதானே?
– வாசகி, நாசரேத்

பரிசை விட்டுவிடாதீர்கள் அம்மா. 1,189 அதிகாரங்களை ஓர் ஆண்டுக்குள் முடிப்பது சின்னக் காரியமில்லை. ஆகாய் தீர்க்கதரிசியைத் தேட அட்டவணையைப் புரட்டுகிற ஆட்கள் நிறைந்த சபையில் உங்களைப் போல் சிலர் வேண்டும்.

ஆனால் நாத்தனாரையும் திட்டாதீர்கள். அவர் சொல்வது ரொம்பப் பழைய வழி. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கைவேலைக்கு இன்ன நேரம், இறைவார்த்தை வாசிப்புக்கு இன்ன நேரம் என்று நாளைப் பிரித்து வைக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, நடுவில் தாவாமல் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் யாராவது வெட்டிக்கதை பேசுகிறார்களா என்று பார்க்க மூத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் சுற்றிவர வேண்டுமாம். விடுதியில் மாலைப் படிப்பு நேரத்துக்குக் காவல் இருந்தவள் என்ற முறையில் அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

12ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் கார்த்தூசியன் துறவிகளின் தலைமை மடத்தை நடத்திய இரண்டாம் கீகோ, ஒரு சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் இதை நாலு படி ஏணியாக வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் ஒன்றும் பேசாமல் தேவனுக்கு முன் இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. நீங்கள் வருஷக்கணக்காக வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம். மாற்கு 10, வசனம் 46 முதல் 52 வரை, எரிகோ சாலையோரம் உட்கார்ந்து, இயேசுவைக் கூப்பிடுகிற குருட்டுப் பிச்சைக்காரன் பர்திமேயு. முதலில் வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் தெரிந்த கதை என்று ஓடிவிடும், நாக்கு அவ்வளவு வேகமாக ஓடாது. இரண்டாம் தடவை இன்னும் மெதுவாக. எந்த இடத்தில் மனசு தட்டுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். 'உடனே அவன் தன் மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு, எழுந்து' என்ற இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் இருந்த சொத்து அநேகமாக அது ஒன்றுதான். யாத்திராகமம் 22இல், ஏழையின் வஸ்திரத்தை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, அதுதான் அவனுக்கு ராத்திரிப் போர்வை என்று சட்டமே இருக்கிறது. கண் தெரிகிறவன் எறிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவன் எறிந்த துணியை அந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவான்? பார்வை வருமுன்பே எறிந்துவிட்டானே!

இந்த இடத்தில்தான் நமக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் பிரசங்கியார் எழுந்து தொண்டையைக் கனைப்பார். 'பிரியமானவர்களே, நாம் எறியவேண்டிய மூன்று வஸ்திரங்கள்' என்று தலைப்பு கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரி எறியவேண்டிய வஸ்திரம் எது என்று கூடச் சொல்லிவிடுவார். சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நம் ஆட்கள் எல்லோருக்குள்ளும் இவர் உண்டு. அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்' என்று அடுத்த வசனத்தில் இயேசு கேட்கிறார். அது உங்களைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு, இன்றைக்கு உண்மையில் என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். அது ஜெபம். சொல்லி முடித்ததும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

மூன்று அதிகாரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டு, காலையில் ஏழெட்டு வசனம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் யாராவது கேட்டால் முழிக்க மாட்டீர்கள். பரிசும் போகாது.

காலை தியானம் காபிக்கு முன்னா, பின்னா?
– வாசகர், கோவில்பட்டி

பின். வெறும் வயிற்றோடு உட்கார்ந்து காபியைத் தியானிப்பதை விட இது மேல். நேரம் எவ்வளவு என்றும் கேட்டிருந்தீர்கள். கால் மணி நேரம் தாராளம், ஆனால் தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி.

எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) ஏழு படி முறையில்தான் நற்செய்திப் பகிர்வு நடத்துகிறோம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஐந்தாம் படி வந்ததும் இருபது நிமிஷம் பேசுகிறார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் அவர் முடித்ததும் மற்றவர்கள் 'அவர் சொன்னதேதான்' என்று சொல்லிவிட்டுச் செபத்துக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் வாயே திறப்பதில்லை. பொறுப்பாளன் என்ற முறையில் என்ன செய்யலாம்?
– அன்பியப் பொறுப்பாளர், திண்டுக்கல்

ஐயா, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று உங்கள் குழுவில் ஒருநாள் சொல்லிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். தென் ஆப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிலையத்தில் ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃப்ரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் வேலை செய்தார்கள். பின்னால் இருவருமே அந்த நாட்டில் ஆயர்கள் ஆனார்கள். குருவானவர் எப்போதாவதுதான் வந்துபோகக் கூடிய கிராமங்கள் அங்கே நிறைய. மக்கள் தாங்களாகவே கூடி நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ள உதவியாக அங்கே உருவான முறை இது. அதாவது, பிரசங்கியார் இல்லாத ஊருக்காகச் செய்தது. நாம் மெனக்கெட்டு அதற்குள் ஒரு பிரசங்கியாரை உட்காரவைத்துவிட்டோம்.

ஏழு படியும் உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லையோ சொற்றொடரையோ மட்டும் வாய்விட்டுச் சொல்வது, மௌனம், உள்ளத்தில் பட்டதைப் பகிர்வது, நாம் செய்யவேண்டியது என்ன என்று பேசுவது, செபித்து முடிப்பது. இதில் எல்லோரும் அவசரமாகத் தாண்டுவது மூன்றாம் படி. என்னைக் கேட்டால் மொத்த முறையின் உயிரும் அங்கேதான். விளக்கம் கிடையாது, காரணம் கிடையாது. 'ஆழத்திலே' என்று ஒருவர் சொல்கிறார். கொஞ்சம் மௌனம். 'வலைகளைப் போடுங்கள்' என்று இன்னொருவர். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் எம்.ஏ. படித்தவரும் அந்த இடத்தில் ஒரே உயரம். உங்கள் கூட்டத்துப் பெண்கள் அங்கே ஒரு சொல்லாவது சொல்லிவிட்டால், ஐந்தாம் படியில் இரண்டாவது வாக்கியம் தானாக வரும். இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடரின் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பரவாயில்லை.

எங்கள் முன்னறையில் ஒருமுறை லூக்கா 5 வைத்திருந்தோம், ராத்திரி முழுக்க மீன் கிடைக்காத பேதுருவை மறுபடி வலை போடச் சொல்லி இயேசு அனுப்புகிற பகுதி. 'இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை' என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஓர் அம்மா எங்களோடு உட்காருவார், பேசவே மாட்டார். அன்றைக்கு அவர் சொன்ன சொல் 'அலசிக்கொண்டிருந்தார்கள்'. பகிர்வு நேரத்தில் ஒருவரும் கேட்காமலேயே பேசினார்: "மீன் படலன்னாலும் வலையை அலசித்தான் ஆகணும் டீச்சர். பாசி, சிப்பி, குப்பை எல்லாம் பொறுக்கி எடுக்கணும். எங்கப்பா அலசி முடிச்சு உட்காரும்போது யாராவது மறுபடி இறக்குன்னா எரிச்சல்லதான் கத்துவாங்க. பேதுரு கத்தாம போனதே பெருசு." இரண்டாம் வசனத்தில் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் என்று இருப்பதை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ராத்திரி வேலைக்கு மேல் காலை வேலையும் முடிந்த நேரத்தில் வந்த கட்டளை அது என்று யோசித்ததில்லை. எந்த விரிவுரையும் அதை எனக்குச் சொல்லித் தந்திருக்காது. யாராவது இருபது நிமிஷம் பேசியிருந்தால் அந்த அம்மா வாயைத் திறந்திருக்கவும் மாட்டார்.

இனி உங்கள் பெரியவர். கூட்டத்தில் வைத்து அவரை நிறுத்தாதீர்கள், தனியாக ஒரு டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். அவரிடம் நேரம் பார்க்கிற பொறுப்பைக் கொடுங்கள். கடிகாரம் கையில் இருக்கிறவர் அதிகம் பேச மாட்டார், இது வகுப்பறையில் நான் பார்த்த உண்மை. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வையுங்கள்: பகிர்வு 'எனக்கு' என்றோ 'நான்' என்றோ தொடங்கவேண்டும். 'நாம் எல்லோரும்' என்று தொடங்கினால் அது பிரசங்கம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதிலோ திருத்தமோ ஆறுதலோ சொல்லக்கூடாது. அவருடைய அறிவும் வீணாகவேண்டாம், மாதம் ஒருநாள் விவிலிய வகுப்பு என்று தனியாக வைத்து அவரை நடத்தச் சொல்லுங்கள். எரிகோ எங்கே, பரிசேயர் யார் என்பதெல்லாம் தெரியாமல் தியானம் மட்டும் செய்தால் மனம்போன போக்கில் போய்விடும்.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்காதது. பெண்கள் பேசாததற்குப் பெரியவர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. முன்னறையில் சொன்ன வீட்டுக் கஷ்டம் மறுநாள் காலையில் குழாயடியில் நிற்கும் என்ற பயமும் இருக்கும். 'இங்கே கேட்டது இந்த வாசற்படியைத் தாண்டாது' என்று ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்லுங்கள். மீறியவரிடம் அன்றைக்கே பேசுங்கள்.

ஆறாம் படியையும் விட்டுவிடாதீர்கள். போப் 16ஆம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட மடலில் இந்த வாசிப்பைப் பற்றிச் சொல்லும்போது, செயலில் போய் நிற்காதவரை அது முடிவதில்லை என்று எழுதினார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை யார் போய்ப் பார்ப்பது, அவ்வளவு போதும்.

செல்போனில் வேதம் வாசித்துத் தியானம் செய்யலாமா? அம்மா புத்தகத்தில்தான் வாசிக்கவேண்டும் என்று சண்டை போடுகிறார்.
– கல்லூரி மாணவர், சென்னை

எழுத்துக்குப் பரிசுத்தம் காகிதத்தால் வருவதில்லை தம்பி, அதனால் அம்மா சொல்வது சட்டமில்லை. ஆனால் நாலாம் வசனத்தில் நீங்கள் நிற்கும்போது மேலே ஒரு கிரிக்கெட் ஸ்கோர் வந்து விழும். விமான நிலையில் போட்டுவிட்டு வாசியுங்கள். இல்லையென்றால் முந்தின நாள் ராத்திரி அந்த ஏழெட்டு வசனத்தைக் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாதி தியானம் நடந்துவிடும், பேருந்தில் சட்டைப்பையிலும் வரும். ஒலி வடிவில் கேட்பதும் நல்லதே. அச்சு வருவதற்கு முன்னால் இருந்த விசுவாசிகளில் பெரும்பாலோர் வேதத்தைக் காதால்தான் வாங்கினார்கள்.

எங்கள் போதகர், தியானம் என்ற பெயரில் மனதைக் காலியாக்கினால் வேறு ஆவி வந்து குடியேறும் என்று மத்தேயு 12ஐக் காட்டி எச்சரிக்கிறார். கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்காருவதே நம் வழி இல்லை என்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பெருக்கி, அலங்கரித்து, வெறுமையாய் விட்ட வீட்டின் உவமைதானே? போதகர் அதைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஆனால் நான் சொல்கிற காரியத்தில் வீடு காலியாவதே இல்லை. 'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்' என்று முதல் சங்கீதம் சொல்லும்போது, அவன் கையில் வேதம் இருக்கிறது. வசனத்தை நிரப்பிக்கொள்வதுதான் வேலை.

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்து பாலைவனத்துத் துறவிகளோடு பழகிய ஜான் கேசியன், அவர்களோடு பேசியதைப் பின்னால் புத்தகமாக எழுதினார். அதில் ஈசாக்கு என்ற மூத்த துறவி ஒரே ஒரு வசனத்தைக் கொடுத்து, சாப்பிடும்போதும் தூக்கம் வராதபோதும் சோதனை வரும்போதும் இதையே சொல்லிக்கொண்டிரு என்கிறார். நம் வேதத்தில் அது 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.' இதை வாயில் வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் எந்த ஆவிக்கு இடம் கிடைக்கும் சொல்லுங்கள்.

உட்காருகிற விதத்தைப் பற்றி: சம்மணம் போடுவது எந்த மதத்துக்கும் பட்டா எழுதிக் கொடுத்த சொத்து இல்லை. 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசன், பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியபோது தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்துதான் ஜெபித்தார்கள். 1950இல் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சாந்திவனம் என்ற ஆசிரமத்தை ஆரம்பித்தார்கள், 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து அதை நடத்தினார். அங்கே மற்ற சமய நூல்களையும் ஜெப நேரத்தில் வாசிப்பது உண்டு. அது உங்கள் போதகருக்கு ஒப்பாது, எனக்கும் எல்லாம் ஒப்பும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் நீங்கள் தரையில் உட்காருவதற்கும் சம்பந்தம் இல்லை. மனசாட்சி உறுத்தினால் நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டு உட்காருங்கள். எனக்கு முழங்கால் வலி, நாற்காலிதான்.

சம்பவத்தை மனக்கண்ணால் பார்த்துத் தியானிக்கச் சொல்கிறார்கள். எழுதியிருப்பதோடு கூட்டக்கூடாது என்று வெளிப்படுத்தல் 22இல் இருக்கிறதே?
– வாசகர், மட்டக்களப்பு

அந்த எச்சரிக்கை புத்தகத்தில் கை வைக்கிறவர்களுக்கு. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது. இடத்தை மனதில் அமைத்துக்கொள், பார், கேள், முகர்ந்து பார், சுவைத்துப் பார், தொட்டுப் பார் என்று ஐந்து புலனையும் அது வேலை வாங்குகிறது. பர்திமேயுவின் எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே கிடக்கிற ஊர், அந்த வெக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் காலடிப் புழுதி உட்கார்ந்திருப்பவன் வாயில்தான் விழும். 'பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்' என்கிறதே, அந்த அநேகரில் உங்கள் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தச் சாலையோரம் எப்போதும் உடைமரம் நிற்கும், எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி. அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் எரிகோவில் உடைமரம் இருந்தது என்று ஞாயிறு பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்தால் அப்போது உங்கள் வசனத்தை எடுத்து வாருங்கள்.

கணவர் இறந்து நாலு மாசம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் 23ஆம் சங்கீதம் வாசித்து ஜெபிக்கிறார்கள். 'நான் தாழ்ச்சியடையேன்' என்ற இடத்தில் புத்தகத்தை மூடவேண்டும் போல் இருக்கிறது. தனியாகத் தியானத்துக்கு உட்கார்ந்தால் ஒன்றும் கேட்கவில்லை. விசுவாசம் போய்விட்டதா?
– வாசகி, தூத்துக்குடி

இல்லை அக்கா. மூடிவிடுங்கள். 23ஆம் சங்கீதம் எங்கேயும் ஓடிப்போகாது.

உங்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயாவது ஓரிடத்தில் நன்றிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது கடைசிவரை திரும்பாது. 'சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்' என்று தேவனிடமே குற்றம் சொல்லி இருட்டில் முடிகிறது. இதையும் வேதத்துக்குள் வைத்தார்கள், யாரும் கிழித்துப் போடவில்லை. அது கனமாக இருந்தால் 13ஆம் சங்கீதத்தின் முதல் வரி போதும்: 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்.' அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

1 இராஜாக்கள் 19ஐயும் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறான், அப்படியே தூங்கிப்போகிறான். தூதன் வந்து தட்டி எழுப்பி என்ன சொன்னான்? 'எழுந்திருந்து போஜனம்பண்ணு.' தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. தேவன் அவனோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது: அடை கொண்டுபோங்கள்.

இப்போதைக்குத் தனியாக நெடுநேரம் உட்காரவேண்டாம். பக்கத்தில் குழு ஏதாவது இருந்தால் போய்ச் சும்மா இருங்கள். பேசவேண்டியதில்லை என்று முன்கூட்டியே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் வாசிக்க முடியாத வசனத்தை உங்களுக்காக இன்னொருவர் வாசிப்பார். தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாகவில்லை என்றால், காலையில் எழவே மனசில்லை என்றால், டாக்டரிடம் போங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லி அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போவதா என்று கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். ஆதியாகமம் 12:1, 'நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும்' விட்டுப் போ என்று வந்தது. அம்மா விரல் வைத்தார்கள். சங்கீதம் 37:3, 'தேசத்தில் குடியிருந்து' என்று வந்தது. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், இராமநாதபுரம்

தம்பி, மூன்றாவதாக அப்பாவையும் விரல் வைக்கச் சொல்லாமல் விட்டீர்களே, அதுவரைக்கும் சரி.

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது நம் ஆட்களின் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையோடு ஆரம்பித்தது இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொரேவியச் சபையார் சீட்டுப் போட்டு எடுத்த தின வசனங்களை 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக வெளியிடுகிறார்கள். ஆனால் அது சபை முழுவதும் ஒரே நாளில் ஒரே வசனத்தோடு இருப்பதற்காக. நம் வழக்கத்தில் அதை ஜோசியமாக்கிவிடுகிறோம். வசனத்தைப் பிடித்து அதன் வாயில் நம் கேள்வியைத் திணித்தால், அது என்ன சொல்ல வந்தது என்று கடைசிவரை தெரியாது.

உங்கள் விரல் பட்ட வசனம் ஆபிரகாமுக்குச் சொன்னது. அவர் கதையை வேலைக்கு விண்ணப்பம் போடாத ஒரு நாளில் தியானியுங்கள். இப்போதைக்கு, ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் சம்பளமும் வேலையும் என்ன எழுதியிருக்கிறது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவின் விரல் 37:3இல் போய் நின்றதற்குக் காரணம் எதுவானாலும், அவர் மனசு எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நானும் கணவரும் மட்டும் வீட்டில் இருக்கிறோம். சேர்ந்து வேத தியானம் செய்ய ஆரம்பித்தோம். பத்தாவது நிமிஷத்தில், 'இது உனக்குத்தான் எழுதியிருக்கிறது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சண்டையில் முடிகிறது. இரண்டு பேர் போதாதா, இல்லை குழுவில் சேரவேண்டுமா?
– வாசகி, மதுரை

இரண்டு பேர் போதும், ஆனால் உங்கள் வீட்டில் பிரசங்கியாரும் இரண்டு பேர். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கவேண்டும். ஆளுக்கு ஒரு சொல் மட்டும் சொல்லலாம். அப்புறம் மௌனம். அதைப் பற்றிய பேச்சு அன்றைக்குக் கிடையாது, மறுநாள் காலை நடைக்குப் போகும்போதுதான். வீட்டுக்காரர் திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார், நான் பழைய மொழிபெயர்ப்பு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் மேஜைக்கு வரும், எது என்பதற்குத் தனிச் சண்டை உண்டு.

சங்கீதங்களிலிருந்து ஆரம்பியுங்கள், அவை தேவனோடு பேசுகிறவை, பக்கத்து நாற்காலியோடு பேசாது. பிறகு மாற்கு. மனைவி கீழ்ப்படியவேண்டும், கணவன் அன்புகூரவேண்டும் என்கிற எபேசியர் 5ஆம் அதிகாரத்தை மட்டும் ஆறு மாசத்துக்கு இரண்டு பேரும் தொடாதீர்கள்.